பழைய இரும்பு இல்லை, போய்ப் பாருங்கள்

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு பிரிஸ்பேனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் கலவுண்ட்ராவில் தன்னார்வலர்கள் நடத்தும் பழைய விமான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதாம். மாமனாரும் வருகிறார். ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாமா? பழைய இரும்புதானே?

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில், அது இரும்பே இல்லை. விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரும்பு மாதிரி செந்துரு ஏறாது, ஆனால் உப்புக்காற்று பட்டால் வெள்ளையாகப் பொடி பூத்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும், வெளியே பெயின்ட் நன்றாகத்தான் தெரியும். கலவுண்ட்ரா கடலோர ஊர். அங்கே எழுபது வயதைத் தாண்டியவர்கள் சம்பளம் வாங்காமல் வெயிலில் உட்கார்ந்து அந்தப் பொடியைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு "பழைய இரும்பு" என்றால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு: போகலாம், கட்டாயம் போங்கள். பிரிஸ்பேனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் போதும். பெயர் குயின்ஸ்லாந்து ஏர் மியூசியம். நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை, ஆனால் மாமனாரையும் கூட்டிப் போவதைப் பார்த்தால் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த் பக்கமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் மீதியையும் பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பா பட்டர்வொர்த் ஏர்பேஸில் வேலை செய்தவர். 1959-இல் சேர்ந்தார். அதை நடத்திவந்த ஆஸ்திரேலிய விமானப்படை நம் மலேசிய விமானப்படையிடம் ஒப்படைத்த 1988 வரைக்கும் அங்கேதான். ஆபீசர் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. முதலில் புல் வெட்டும் கும்பலில் இருந்தார், பிறகு விமானம் நிறுத்தும் இடத்தைக் கூட்டும் வேலை. கூட்டுவது என்றால் குப்பைக்காக இல்லை. ஜெட் எஞ்சின் முன்னால் இருக்கும் எதையும் உறிஞ்சி இழுக்கும். ஒரு சின்னக் கல், ஒரு திருகாணி உள்ளே போனால் போதும், சுற்றுகிற தகடுகள் உடைந்து எஞ்சினே போய்விடும். அதனால் கல் பொறுக்குவதுதான் அவருக்குத் தொழில். வீட்டு வாசலில்கூடக் குனிந்து கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அம்மா துணி துவைக்கும்போது எடுத்து வீசுவாள்.

அவர் ஒரு கதை சொல்வார். கான்பெரா என்று ஒரு குண்டுவீச்சு விமானம், அதை "வெடி வெச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க" என்பார். டமார் என்று சத்தம் வரும், கரும்புகை கிளம்பும், தீபாவளிப் பட்டாசு மாதிரி வாசம் அடிக்கும், அப்புறம்தான் எஞ்சின் சுற்றும். நாங்கள் நம்பவில்லை. படித்த பிள்ளைகள் இல்லையா, விமானத்தை யாராவது வெடி வைத்துக் கிளப்புவார்களா என்று நானும் தம்பியும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறோம். அப்பா 2009-இல் தவறிவிட்டார். அதுவரைக்கும் எங்களுக்கு அது கதைதான்.

மகள் பிரிஸ்பேனில் வேலை செய்கிறாள், அவள்தான் ஒருநாள் "அம்மா, தாத்தா பிளேன் இருக்குதாம், வாங்க" என்று கூட்டிப் போனாள். 1974-இல் அந்த அருங்காட்சியகத்தை ஆரம்பித்தவர்களின் முதல் விமானமே ஒரு கான்பெராதான். கொட்டகைக்குள் அதன் பக்கத்தில் நின்றேன். உயரமான பெரியவர் ஒருவர், சீருடை மாதிரி ஒரு சட்டை, எண்ணெய்க்கறை படிந்த கை, ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: இதை எப்படி ஸ்டார்ட் செய்வார்கள்?

கையால் எஞ்சின் முகப்பைக் காட்டி, தோட்டா என்றார். துப்பாக்கித் தோட்டா மாதிரியே, ஆனால் பெரியது. அதை இங்கே செருகி வெடிக்க வைத்தால் வருகிற வாயு அழுத்தத்தில் எஞ்சின் சுழல ஆரம்பிக்கும், புகை இந்த வழியாக வரும். அப்பா சொன்ன அதே டமார், அதே கரும்புகை, அந்த வாசம் உட்பட எல்லாவற்றையும் அவரே சொன்னார். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. மகள்தான் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுபதுகளில் பட்டர்வொர்த்தில் மிராஜ் போர் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவராம். அப்பாவைத் தெரியுமா என்றால் தெரியாது, நானும் அப்படி எதிர்பார்க்கவில்லை. ஆனால் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாகக் குனிந்து நடக்கும் தமிழ் ஆட்களை நினைவிருக்கிறது என்றார். அவர்கள் ஒழுங்காகப் பார்த்ததால்தான் எங்கள் எஞ்சின் பிழைத்தது என்றார். முப்பது வருஷ வேலைக்கு எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேசிக்கொண்டே இருக்கும்போது தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை, குனிந்து எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார், கொடுத்தேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் புகழ் பாடுகிறாள், யுத்தத்தைக் கொண்டாடுகிறாள் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். எனக்கும் வரலாறு தெரியும். அந்தக் கான்பெராக்கள் 1958-இல் பட்டர்வொர்த்துக்கு வந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் ஒளிந்திருந்த நம் காட்டின் மேல்தான் குண்டு போட்டன, 1967-இல் இங்கிருந்தே வியட்நாமுக்குப் போயின. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டபோது பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் ராவோடு ராவாக வெளியேற்றிவிட்டு நம்மை அப்படியே விட்டுப் போனதும் தெரியும். பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் அவர்கள் கொடியை இறக்கி ஊரைக் கட்டிக் காத்தது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். நான் பேசுவது அந்தச் சாம்ராஜ்யத்தைப் பற்றி இல்லை. கல் பொறுக்கினவனைப் பற்றி.

அதே பட்டர்வொர்த்தில் 1941 டிசம்பர் 9 அன்று ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பினார். அவர் மேலே ஏறிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து கீழே நின்றவற்றை அடித்துவிட்டன. தனியாகவே தாய்லாந்தில் ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த சிங்கோரா வரைக்கும் போய்க் குண்டு போட்டார், சுடப்பட்ட உடம்போடு அலோர் ஸ்டார் வரைக்கும் ஓட்டி வந்து இறக்கிவிட்டு இறந்துபோனார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் 1946-இல்தான் கிடைத்தது, யுத்தக் குழப்பத்தில் ஆவணங்கள் போய்விட்டன, பிறகு ஆட்கள் வந்து சொன்னதால்தான் விஷயமே தெரிந்தது. அவ்வளவு பெரிய வீரனுக்கே அந்த நிலைமை என்றால் என் அப்பா மாதிரி ஆளுக்கு யார் வந்து சொல்வது?

எங்களிடம் அப்பாவின் ஏர்பேஸ் பாஸ்கள், தொப்பி, ஆஸ்திரேலியர்களோடு எடுத்த ஏழெட்டுப் படங்கள், எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அவர் போன மறுவருஷம் வீட்டைச் சுத்தம் செய்தபோது "சுராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று மைக்கில் கூவிக்கொண்டு வரும் லோரியில் பேப்பரோடு பேப்பராகப் போய்விட்டது. போட்டது தம்பி, ஆனால் நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு பாஸ் மட்டும் அம்மாவின் சேலைக்கு அடியில் இருந்து பிறகு கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றால் தாண்டிப் போங்கள். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றிடம் போய், மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வையுங்கள், ஏர்பேஸில் வேலை செய்த நம் ஆட்களின் படங்களை நான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துத் தருகிறேன் என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள். அந்த இடத்தில் இப்போது கரோக்கே பெட்டி இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் முன் நாற்காலி யாருக்கு என்று இரண்டு மணி நேரம் பேசுவார்கள், மண்டபத்தைக் கூட்ட ஆள் கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். கலவுண்ட்ராவில் அந்தப் பெரியவர்கள் முறை வைத்துக் கழிப்பறை வரைக்கும் கழுவுகிறார்கள். பணம் இல்லை, ஆள் இல்லை என்று நாம் சொல்வதை நான் இனி நம்பத் தயாராக இல்லை.

சரி, உங்களுக்கு வேண்டியது. தொப்பியும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே நிற்கும் விமானங்களும் உண்டு, வெயில் கொளுத்தும். பிள்ளைகளுக்கு முதலில் எஃப்-111 என்ற குண்டுவீச்சு விமானத்தைக் காட்டுங்கள், அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்ததும் அவர்களே மற்றதைத் தேடிப் போவார்கள். மிராஜையும் விடாதீர்கள், வால் சிறகு இல்லாத முக்கோண இறக்கை. 1967-இலிருந்து 1988 வரைக்கும் நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தது அதுதான். இறங்கும்போது பின்னால் குடை விரியும், நாங்கள் சடக்கோரம் நின்று பார்ப்போம். பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல் அங்கே நிற்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், அவர்கள் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். நுழைவுக் கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்க வேண்டாம், அந்தக் காசில்தான் பெயின்ட் வாங்குகிறார்கள்.

மாமனார் ஏர்பேஸ் பக்கம் வேலை செய்தவர் என்றால் பழைய பாஸ், படம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். அந்தப் பெரியவர் வியாழக்கிழமைகளில் வருவதாகச் சொன்னார்.