டெலவர் ஆற்றில் ட்ரௌட்டும் பாஸும்: எப்போது, எங்கே?

கேள்வி: நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. டெலவர் ஆற்றில் ட்ரௌட், பாஸ் என்ற இரண்டு மீன்களும் உண்டு என்கிறார்கள். எந்தப் பருவத்தில் எங்கே போனால் எது கிடைக்கும்?

பதினோரு வருடமாக இந்த ஆற்றுக்குப் போய்வருகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் மாதத்தைப் பார்த்துத்தான் கிளம்பினேன். இப்போது தூண்டில் பையில் முதலில் எடுத்து வைப்பது ஒரு தெர்மாமீட்டர். இந்த ஆற்றில் எந்த மீனைத் தேடுவது என்பதைத் தண்ணீரின் சூடுதான் சொல்லும். அதற்குக் காரணம் ஆறு இருக்கிற விதம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹான்காக் என்ற சிற்றூரில் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் கூடித்தான் டெலவர் பிறக்கிறது. அங்கிருந்து கடல் வரை சுமார் 330 மைல். அத்தனை தூரத்துக்கும் ஆற்றின் குறுக்கே ஓர் அணைகூடக் கிடையாது. அணைகள் இருப்பது மேலே, கிளைகளில். நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக கிழக்கில் பெபாக்டன், மேற்கில் கேனன்ஸ்வில் என்று 1950களிலும் 60களிலும் கட்டி முடித்தார்கள். நகரம் எவ்வளவு எடுக்கலாம், கீழே எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணை இருக்கிறது. பிலிகுண்டுலுவில் காவிரியை அளப்பது போல இங்கே மாண்டேக் என்ற இடத்தில் அளக்கிறார்கள். நொடிக்கு 1,750 கன அடி ஓட வேண்டும் என்பது கணக்கு.

அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் வெயிலே படாதது. ஜூலை மாதத்தில் மேற்குக் கிளையில் இறங்கி நின்றால் கால் மரத்துவிடும். சாயங்காலம் ஆற்றின் மேல் மட்டும் பனிமூட்டம் எழும்பி நிற்கும், கரையிலோ வியர்த்துக் கொட்டும். இந்தக் குளிரால்தான் ஹான்காக்கிலிருந்து கேலிகூன் வரை சுமார் 27 மைல் ட்ரௌட் ஆறாக இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போகத் தண்ணீர் சூடேறி, நாரோஸ்பர்க், போர்ட் ஜெர்விஸ், ஈஸ்டன் எல்லாம் ஸ்மால்மவுத் என்ற வகை பாஸின் ராஜ்யம். நடுவில் கொஞ்சம் தூரம் இரண்டும் கலந்து கிடக்கும்.

பாஸும் சரி, இங்கே அதிகம் கிடைக்கும் பிரவுன், ரெயின்போ என்ற இரண்டு வகை ட்ரௌட்டும் சரி, வெளியிலிருந்து வந்த மீன்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிரவுன் ட்ரௌட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. ரெயின்போ ட்ரௌட் மேற்குக் கடற்கரை மீன். 1880களில் கேலிகூன் அருகே ரயில் ஒன்று பழுதாகி நின்றதாம். கேனில் இருந்த ரெயின்போ மீன்கள் செத்துவிடுமே என்று ரயில் ஊழியர் ஒருவர் பக்கத்து ஓடையில் விட்டாராம். ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இனி பருவத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை (10 செல்சியஸ்) தொடும்போது ஹெண்ட்ரிக்சன் என்ற மேஃப்ளை, அதாவது தண்ணீருக்குள் வளர்ந்து மேலே வரும் ஒரு சிறு பூச்சி, கிளம்பும். மழை விட்டதும் நம் ஊரில் ஈசல் புறப்படுமே, அதுபோல மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஆற்றின் மேல்பரப்பே பூச்சியாக இருக்கும். அதுவரை ஆள் அரவமே இல்லாதது போலக் கிடந்த ஆற்றில் திடீரென்று இங்கொன்று அங்கொன்றாக வட்டம் விழும். ட்ரௌட்டின் மூக்கு மட்டும் வெளியே வந்து பூச்சியை உறிஞ்சிவிட்டுப் போகும். தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கை ஈயை அந்த வட்டத்துக்கு நாலடி முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் போட்டு, தூண்டில் நரம்பு இழுபடாமல் நீரோட்டத்தோடு தானாக மிதந்து வரவிட வேண்டும். ஈ கொஞ்சம் இழுபட்டாலும் இந்த ஆற்று ட்ரௌட் தொடாது. முதல் வருடம் நான் ஒன்றும் பிடிக்கவில்லை. இருந்தும் பூச்சி எழும்பும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மறுபடி மறுபடி இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

மே முழுக்க ஒவ்வொரு பூச்சியாக வந்துகொண்டிருக்கும். மே கடைசியில் கிரீன் டிரேக் என்ற பெரிய பூச்சி. இதே நாட்களில் கீழ்ப்பகுதிக்கு ஷாட் மீன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும். நம் உல்லம் மீனின் சொந்தம். அதேபோல முள்ளும் அதிகம்.

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பாஸை மட்டும் விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோரம் வாலால் கூழாங்கற்களைத் துடைத்து வட்டமாகக் கூடு போடும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுடையது. விரால் தன் பார்ப்பைக் காப்பது போலத்தான். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பசியில் அல்ல, முட்டையைக் காக்க. நீங்கள் அதைப் பிடித்துப் படமெடுத்து விடுவதற்குள் மற்ற மீன்கள் கூட்டைக் காலி செய்துவிடும்.

என் இரண்டாவது கோடையில் ஒன்று நடந்தது. ஜூலை நடுவில், ஹான்காக்குக்கும் கேலிகூனுக்கும் நடுவில் உள்ள லார்ட்வில்லுக்குக் கீழே, உச்சி வெயிலில் பதினாறு அங்குல பிரவுன் ட்ரௌட் ஒன்று மாட்டியது. அந்த நாள் வரை நான் பிடித்ததில் அதுதான் பெரியது. ஐந்து நிமிடம் போராடிக் கரைசேர்த்தேன், முள்ளை எடுத்தேன், நீரோட்டத்தை எதிர்த்துப் பிடித்து மூச்சு வாங்க வைத்தேன். கையிலிருந்து நீந்திப் போனது. இரண்டு நிமிடத்தில் வயிறு மேலாக என்னைக் கடந்து மிதந்து போனது. கொஞ்சம் கீழே படகு கட்டியிருந்த ஒரு முதியவர் ஒன்றும் சொல்லாமல் தன் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு என்னிடம் காட்டினார். 74 டிகிரி.

சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. மீனின் உடலுக்கோ அப்போதுதான் அதிகம் தேவை. போராடிக் களைத்த ட்ரௌட் அந்தக் கடனை அடைக்க முடியாமல், விட்ட பிறகும் சாகும். 68 டிகிரி (20 செல்சியஸ்) தாண்டினால் ட்ரௌட்டுக்குத் தூண்டில் போடக் கூடாது என்பது இங்குள்ளவர்கள் கடைப்பிடிக்கும் எல்லை. லார்ட்வில்லில் அரசின் நீரளவு நிலையம் இருக்கிறது. நீர்மட்டமும் சூடும் இணையத்தில் உடனுக்குடன் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதைப் பாருங்கள். நான் அன்று பார்க்கவில்லை.

அந்த முதியவர்தான் சொன்னார், கேலிகூனுக்குக் கீழே போ, அங்கே இருக்கிற மீனுக்கு இந்தச் சூடு பிடிக்கும் என்று. அன்று மாலையே நாரோஸ்பர்க் பக்கம் போனேன். செம்பழுப்பு உடம்பும் சிவந்த கண்ணுமாக முதல் பாஸ் தண்ணீரை விட்டு மூன்றடி துள்ளியது. எடைக்கு எடை இவ்வளவு வலுவாக இழுக்கும் நன்னீர் மீனை நான் பிடித்ததில்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் பாஸுக்கே. காலையிலும் அந்தியிலும் கற்கள் மேல் சலசலத்து ஓடும் தண்ணீர், கசத்தில் விழும் இடத்தில் நில்லுங்கள். இறால் போன்ற கிரேஃபிஷ்தான் பாஸின் முக்கிய உணவு. அந்த நிறத்தில் ரப்பர் இரையைத் தரையோடு உருட்டினால் போதும். இருட்டும் நேரத்தில் மேலே மிதக்கும் இரை. கரையிலிருந்தே பிடிக்கலாம், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். குளிர்காலத்தில் பாஸ் ஆழமான கசங்களில் கூட்டமாக அடங்கிவிடும்.

அக்டோபர், நவம்பரில் பிரவுன் ட்ரௌட் முட்டையிடும். ஆற்றடியில் சுற்றிலும் பாசி இருக்க, ஓரிடம் மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்துத் தெரிந்தால் அதுதான் கூடு; காலை வைத்துவிடாதீர்கள்.

உரிமம்: எல்லையாக ஓடும் பகுதியில் இருபக்க மாநிலங்களில் ஒன்றின் உரிமம் இருந்தால் போதும். பிடிக்கும் நாட்களும் அளவும் பகுதிக்குப் பகுதி மாறும், அந்த வருட விதிப்புத்தகத்தைப் பாருங்கள். குழம்புக்கு எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆற்று மீனை வாரம் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று பென்சில்வேனியா அரசே சொல்கிறது. நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும் என்றால் செப்டம்பர் கடைசியில் போங்கள். காலையில் ஹான்காக்கில் ட்ரௌட், மதியத்துக்கு மேல் நாரோஸ்பர்க்கில் பாஸ். குளிருக்கு முன் இரண்டும் நன்றாக மேயும். ஆற்றடிக் கல் வழுக்கும், கைத்தடி ஒன்று கொண்டுபோங்கள்.