ஈஸ்ட்டைப் பற்றிக் கேட்கும் மகளுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்

ஐயா, விழுப்புரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் மகளின் விருப்பத்தைவிட உறவினர்களின் கருத்துகளே அதிக இடம் பிடித்துள்ளன. உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும், கரும்பு விளையும் நிலத்தை அடகு வைத்து, மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட கணினி அறிவியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

பள்ளிக் கண்காட்சியில் வெல்லக் கரைசலில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியைச் சேர்த்தபோது, கடும் வெயிலில் இருந்த புட்டியில் மட்டும் நுரைப்பு ஏன் சீக்கிரம் அடங்கியது என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனால் எனும் ஆல்கஹாலாக மாற்றுவதே நொதித்தல். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை இப்படித் தயாரிக்கும் ஆலைகளில் அந்தக் கேள்விக்குச் சம்பளம் உண்டு. ஈஸ்ட்டுக்கு ஏறத்தாழ 30 முதல் 33 டிகிரி செல்சியஸ் உகந்தது. நொதித்தலே வெப்பத்தை வெளியிடுவதால், குளிர்விப்பு தவறினால் தொட்டி சூடேறி, பெருகிவரும் ஆல்கஹாலையும் தாங்க முடியாமல் செல்கள் சோர்ந்து, சர்க்கரை மிஞ்சிவிடும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும், மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகில் சர்க்கரை ஏராளம், ஆனால் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் பெரும்பாலும் போதாது என்பதால், நீங்கள் வயலுக்கு இடும் யூரியாவையும் டி.ஏ.பி.யையும் அங்கே தொட்டிக்கு அளந்து இடுகிறார்கள். ஈஸ்ட்டுக்குள் ஆல்கஹாலை உருவாக்கும் நொதிக்கு (என்சைமுக்கு) துத்தநாகம் வேண்டும். தொடக்கத்தில் சிறிதளவு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் செல் சவ்வுக்குத் தேவையான ஸ்டெரால்கள் எனும் கொழுப்புப் பொருள்கள் உருவாகா. காற்று மிகுந்தாலோ, சர்க்கரையில் பெரும்பகுதி எத்தனாலாக மாறாமல் செல் பெருக்கத்துக்கே செலவாகும். தூய்மை குறைந்தால் லாக்டிக் அமில பாக்டீரியா புகுந்து பங்கு கேட்கும். ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டளவில் 511 கிராம் எத்தனால் கிடைக்கலாம். நடைமுறையில் அந்த அளவை எவ்வளவு நெருங்க முடிகிறது என்பதில்தான் நொதித்தல் வல்லுநரின் திறமை தெரியும்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030-இலிருந்து 2025-26-க்கு மத்திய அரசு 2022-இல் முன்னகர்த்தியது. அதற்கான ஆலைகளுக்கு இத்துறை அறிந்தவர்கள் தேவை. அரசுக் கல்லூரியில் நுண்ணுயிரியல் அல்லது வேதியியல் இளநிலை முடித்தபின், கான்பூரில் மத்திய அரசு நடத்தும் தேசிய சர்க்கரை நிறுவனத்தின் தொழில்துறை நொதித்தல் மற்றும் ஆல்கஹால் தொழில்நுட்ப முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு முயலலாம். எந்தப் பாடச் சேர்க்கையைக் கேட்கிறார்கள் என்பதை அந்நிறுவனத்தின் தகவல் கையேட்டில் இப்போதே பார்த்துவிட்டு இளநிலைப் பாடத்தை முடிவு செய்யுங்கள்.

"பெண் பிள்ளை சாராயம் காய்ச்சப் போவதா?" என்ற உறவினரின் பேச்சுக்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அங்கே உருவாவது வாகன எரிபொருள். ஷிப்ட் முறையும், ஊருக்கு வெளியே உள்ள ஆலைகளும், சுமாரான தொடக்கச் சம்பளமும் இந்த வேலையில் உண்டு. இவற்றை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் கடனில்லாமல் தொடங்குபவருக்கு அந்தச் சம்பளம் முழுவதும் கையில் நிற்கும்.

நீங்கள் கரும்பு அனுப்பும் ஆலையில் ஆல்கஹால் தயாரிக்கும் வடிப்பாலை இருந்தால், கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் அனுமதி பெற்று மகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நொதித்தல் பிரிவின் கெமிஸ்டிடம் கேள்விகளை அவரே கேட்கட்டும். நீங்கள் உடன் இருந்தால் போதும்.