கேள்வி – பதில்: தள்ளுபடியில் வாங்கிய கேம் யாருடையது?

விடுமுறைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி பழைய கணினி கேம்களைப் பற்றித்தான். இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 கேமைப் பள்ளி நாட்களில் விழுந்து விழுந்து விளையாடியவன் நான். இப்போது ஸ்டீம், ஜிஓஜி என்ற இரண்டு இணையக் கேம் கடைகளிலும் தள்ளுபடியில் இருக்கிறது, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிஓஜியில் 'டிஆர்எம்' என்ற பூட்டு கிடையாது என்கிறார்கள். என் மற்ற கேம்கள் எல்லாம் ஸ்டீமில் இருக்கும்போது, அதற்காக மட்டும் அங்கே போக வேண்டுமா?

பதில்: இந்த கேமுக்கு யோசிக்கவே வேண்டாம், ஜிஓஜியில் வாங்குங்கள். டிஆர்எம் அப்புறம். முதலில், அவை இரண்டும் ஒரே சரக்கு இல்லை. 2015-ல் ஸ்டீமுக்கு வந்த எச்டி பதிப்பில் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஆர்மகெடான்ஸ் பிளேட், ஷேடோ ஆஃப் டெத் என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதில் இல்லை. அவற்றின் சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல், தொலைந்துவிட்டதால் சேர்க்க முடியவில்லை. ஜிஓஜியில் கிடைப்பது இரண்டும் சேர்ந்த கம்ப்ளீட் பதிப்பு. ரசிகர்கள் பல வருடங்களாகப் பாடுபட்டு வளர்த்துவரும் 'எச்டி மாட்' என்ற மேம்பாட்டுத் தொகுப்பு ஓடுவதும் இதன்மேல்தான். பழைய கேம் வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

இப்போது டிஆர்எம்முக்கு வருகிறேன். நீங்கள் காசு கொடுத்தவர்தானா என்று கேம் திறக்கும்போது விசாரிக்கிற பூட்டு அது. பூட்டு உங்கள் கணினியில் இருக்கும், சாவி வேறொருவருடைய சர்வரில் இருக்கும். அந்த சர்வர் இருக்கும்வரை, உங்கள் அக்கவுன்ட் நல்ல நிலையில் இருக்கும்வரை, எல்லாம் சுகம். டிஆர்எம் இல்லாத கேமில் இந்த விசாரணையே கிடையாது. ஜிஓஜியில் உங்கள் லைப்ரரிக்குள் போனால் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று தனியாக ஒரு ஃபைல் இருக்கும். அதை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், நெட்டே இல்லாத கணினியிலும் பத்து வருடம் கழித்து நிறுவலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதற்காக ஸ்டீம் என்றாலே பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டுவதா வேண்டாமா என்பதை அவர்கள் தயாரிப்பாளரிடமே விட்டுவிடுகிறார்கள், ஃபோல்டரை அப்படியே வேறு கணினிக்கு நகலெடுத்தால் ஓடுகிற கேம்கள் அங்கேயும் உண்டு. ஆனால் எது அப்படிப்பட்டது என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்க மாட்டார்கள், வாங்கிய பிறகு நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். கையில் வைத்துக்கொள்ள இன்ஸ்டாலரும் தருவதில்லை.

கேள்வி: அப்படியானால் ஜிஓஜியில் வாங்கினால் அந்த கேம் எனக்கே சொந்தம் என்று சொல்லலாமா?

பதில்: சட்டப்படி சொல்ல முடியாது. அங்கேயும் நீங்கள் வாங்குவது சொந்த உபயோகத்துக்கான லைசென்ஸ்தான். கேமின் உரிமை எப்போதும் தயாரிப்பாளரிடம் இருக்கும், நகலெடுத்து நாலு பேருக்கு விற்கும் அனுமதி உங்களுக்குக் கிடையாது. பெட்டியில் வைத்து விற்ற நாட்களிலும் இதே கதைதான், டிஸ்க் உங்களுடையது, உள்ளே இருந்தது லைசென்ஸ்.

வித்தியாசம் நடைமுறையில் இருக்கிறது. ஃபைல் உங்கள் கையில் இருந்தால், பிடுங்க வேண்டுமென்று எவராவது நினைத்தாலும் பிடுங்க வழியில்லை. கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் பொருளை விற்கும்போது 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போட்டால், இது வெறும் லைசென்ஸ்தான் என்பதையும் வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம், 2025 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீமில் காசு கட்டுவதற்கு முன் வரும் கூடை (கார்ட்) பக்கத்தில் அப்படி ஒரு வரி முளைத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, நிரந்தரமாக இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக் கூடிய பொருளுக்கு அது பொருந்தாது. இத்தனை நாளாக நாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த வித்தியாசத்தை ஒரு சட்டமே ஏற்றுக்கொண்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கேள்வி: 80 சதவீதம், 90 சதவீதம் என்று போடுகிறார்களே, விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அந்த கேமின் பழைய விலைகளைப் பாருங்கள். இஸ் தேர் எனி டீல், ஜிஜி டீல்ஸ் ஆகிய தளங்களில் ஒவ்வொரு கேமுக்கும் விலை வரலாறு இருக்கிறது, இதுவரை போன மிகக் குறைந்த விலையும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து, தள்ளுபடி அறிவித்தால் அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்பது விதி. பழைய கேம்களுக்கு அவசரமே வேண்டாம், ஆண்டு இறுதியில் விட்டால் கோடைத் தள்ளுபடியில் பெரும்பாலும் அதே விலைக்கு வந்து நிற்கும். வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்றாலும் வழி உண்டு, ஜிஓஜியில் 30 நாளுக்குள் காசைத் திரும்பக் கேட்கலாம், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தருவார்கள். அவசரம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: நான் வாங்கிய கேமைக் கடை விற்பதை நிறுத்திவிட்டால் என்னுடையது என்ன ஆகும்?

பதில்: விற்பனையை நிறுத்துவது வேறு, கேமையே நிறுத்துவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வகைக்கு ஆலன் வேக் என்ற கேம் நல்ல உதாரணம். 2017 மே மாதம் அதில் வரும் பாடல்களின் லைசென்ஸ் முடிந்தது, கடைகளிலிருந்து எடுத்தாக வேண்டிய நிலை. எடுப்பதற்கு முன்னால் 90 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். நான் மேலே சொன்ன அவசரம் இதுதான், 'இந்தத் தேதியோடு விற்பனை முடிகிறது' என்று ஒரு தள்ளுபடி வந்தால் அது மிரட்டல் இல்லை, வேண்டுமென்றால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். வாங்கியவர்களுக்குக் கேம் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு லைசென்ஸைப் புதுப்பித்து மறுபடி விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள்.

இதே பாட்டுப் பிரச்சினை ஜிடிஏ 4-க்கு 2018-ல் வந்தபோது வேறு மாதிரி முடிந்தது. அப்டேட் ஒன்று வந்து பல பாடல்களை எடுத்துவிட்டது, பத்து வருடத்துக்கு முன் முழு விலை கொடுத்தவர்களின் கேமிலிருந்தும் சேர்த்து. ராத்திரி நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு ரேடியோ ஸ்டேஷனைத் திருப்பினால், பழகிய பாட்டு வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வருகிறது. பழைய இன்ஸ்டாலர் ஒன்று கையில் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

வார்கிராஃப்டின் முதல் இரண்டு பாகங்கள் 2024 டிசம்பரில் ஜிஓஜியின் விற்பனையிலிருந்து போயின. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஜிஓஜி பழைய கேம்களைப் பாதுகாக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது, அந்த கேம்கள் அதில் இருந்தன. விற்க முடியாவிட்டாலும், வாங்கியவர்களுக்காகப் புதுக் கணினிகளில் ஓடும்படி தொடர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். விற்பனை முடிவதற்குள் வாங்குவோருக்காக ஒரு தள்ளுபடிக் குறியீடும் கொடுத்தார்கள்.

இரண்டாவது வகைக்கு தி க்ரூ. 2014-ல் வந்த கார் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை அணைத்தது, அவ்வளவுதான், டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. விற்ற கேமை இப்படிக் கொல்லக் கூடாது என்ற 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பியது இதிலிருந்துதான், 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அவர்களது மனுவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டினார்கள். ஆகவே வாங்கும்முன் 'எப்போதும் இணைய இணைப்பு தேவை' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை வாடகை என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்த விலைக்குத் தகுமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் 2000-களில் வாங்கிய ஒரிஜினல் சிடிக்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. கீறல்கூட இல்லை. ஆனால் புதுக் கணினியில் சில ஓடுகின்றன, சில 'டிஸ்க்கைப் போடுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன, டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது!

பதில்: உங்கள் டிஸ்க்கிலும் குற்றமில்லை, டிரைவிலும் குற்றமில்லை. அந்தக் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூராம் என்று இரண்டு பூட்டுகள் பரவலாக இருந்தன. நகலா அசலா என்று பார்க்க சேஃப்டிஸ்க் விண்டோஸின் ஆழத்தில் ஒரு டிரைவர் ஃபைலை வைத்துக்கொண்டு வேலை செய்தது. அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஓட்டை என்று 2015-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களில் அதை முடக்கியது, விண்டோஸ் 10-ல் சேர்க்கவே இல்லை. பூட்டை எடுக்காமல் சாவித் துவாரத்தை மட்டும் அடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. திருட்டு நகல் வைத்திருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, காசு கொடுத்தவர் வெளியே நிற்கிறார். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

அந்தச் சிடிக்களைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த இருபதில் எவையெல்லாம் டிஆர்எம் இல்லாமல் விற்பனைக்கு வந்திருக்கின்றன என்று பார்த்து, ஓடாதவற்றை மட்டும் இந்தத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் கிடைக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கண்டறிந்தது. அப்படி விடுபட்டதை ஒரு பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, நெட்டில் இணைக்காமல் விளையாடலாம். இன்னும் பழைய சாகச கேம்களாக இருந்தால் ஸ்கம்விஎம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தவை என்றால் டாஸ்பாக்ஸ், பழைய கேம்களைப் புதுக் கணினியில் ஓட்டும் இந்த இரண்டு மென்பொருள்களும் இலவசம்.

கேள்வி: இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்போதும் சொல்கிறீர்கள். லைப்ரரியில்தான் இருக்கிறதே, தேவைப்படும்போது இறக்கிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கடையில் பதினொரு கேம்கள் தள்ளுபடியில் வாங்கினேன், எல்லாமே பூட்டில்லாதவை. நாலை விளையாடினேன், ஏழு அப்படியே லைப்ரரியில் இருந்தன. கடை மூடப்போகிறது, இன்ன தேதிக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், அது நான் பார்க்காமல் விட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது தளமே இல்லை. அந்த ஏழில் ஒன்று இன்றுவரை வேறு எங்கும் விற்பனைக்கு வரவில்லை.

ஆகவே வாங்கிய அன்றே இறக்குங்கள். பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் ஃபைலும் கூடவே '.bin' என்று பெயர் முடியும் ஃபைல்கள் பலவும் வரும், ஒன்று விடாமல் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் நிறுவும்போது பாதியில் நின்றுவிடும். ஃபோல்டர் பெயரில் கேமின் பெயர், வெர்ஷன் எண், இறக்கிய தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். 'எக்ஸ்ட்ரா' என்ற பகுதியில் கையேடு, வரைபடம், இசை இருக்கும், அதையும் விடாதீர்கள், ஏனென்றால் தொண்ணூறுகளின் கேம்களில் பாதி விஷயம் கையேட்டில்தான் இருக்கும், திரையில் சொல்லித்தர மாட்டார்கள். இறக்கி முடித்ததும் நெட்டைத் துண்டித்துவிட்டு ஒருமுறை நிறுவிப் பாருங்கள், அப்போது ஓடினால்தான் அது உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். 2021-ல் ஹிட்மேன் என்ற கேம் ஜிஓஜிக்கு வந்தபோது பல அம்சங்களுக்கு இணைய இணைப்பு தேவைப்பட்டது, வாங்கியவர்கள் கொதித்துப்போய் எழுதினார்கள், அடுத்த மாதமே அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள்.

ஒரு டிஸ்க் போதாது, இரண்டில் வையுங்கள். எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள், கிடப்பில் வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நல்லது. அதையும் வருடத்துக்கு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். விடுமுறைத் தள்ளுபடியில் புதியது வாங்கும்போது பழையதையும் எடுத்துச் சரிபார்ப்பது என் வழக்கம், தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

கேள்வி: பூட்டு இல்லையென்றால் நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் வீட்டில் உங்கள் கணினிகளில் எத்தனையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே கொடுத்தால், பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்த அந்தச் சில தயாரிப்பாளர்களும் அடுத்த முறை யோசிப்பார்கள். இந்த விலைக்கு நண்பருக்கு ஒன்று பரிசாகவே வாங்கிக் கொடுத்துவிடலாமே.

கேள்வி: இதுவரை எல்லாமே ஸ்டீமில்தான். காசு செலவழிக்காமல் இந்த டிஆர்எம் இல்லாத முறையைப் பழகிப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. 1994-ல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற சாகச கேமை 2003-ல் அதன் தயாரிப்பாளர்களே இலவசமாக்கிவிட்டார்கள், ஜிஓஜியில் விலையில்லாமல் கிடைக்கிறது. இன்றிரவு அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்குங்கள், ஒரு பென் டிரைவில் போடுங்கள், நெட் இல்லாத ஏதாவதொரு பழைய லேப்டாப்பில் நிறுவுங்கள். ஒரு சித்திரக்கதையோடுதான் ஆரம்பிக்கும், அதைத் தள்ளிவிடாமல் முழுவதும் பாருங்கள்.