புரொடெக்டர் அடித்தால் தொழிலுக்குக் கட்டுமா?

கேள்வி: விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் காபெட், சோபா கழுவிக் கொடுக்கிறோம். கழுவிய பின் அடிக்கும் புரொடெக்டரில் (கறை ஊறாமல் தடுக்கும் பூச்சு மருந்தில்) விலை கூடியதை வாங்குவது பிரயோசனமா? மலிவான சிலிக்கன் ஸ்பிரே போதாதா?
– வாசகர், நுவரெலியா

பதில்: போத்தலின் விலையைப் பார்க்குமுன் காபெட் என்ன நூல் என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன். அந்த நூலில் தேத்தண்ணிக் கறை ஊறுவதில்லை, அதற்குப் புரொடெக்டர் வீண்செலவு. தாழ்ந்தால் நெருப்புக் காட்டுங்கள். முடி கருகும் நாற்றத்தோடு பொடியானால் கம்பளி. உருகி உருண்டையானால் பெரும்பாலும் நைலோன் அல்லது பொலியெஸ்டர். கம்பளிக்கும் நைலோனுக்கும்தான் தேயிலைச் சாயமும் மஞ்சளும் ஆழமாய்ப் பிடிக்கும். காசு போட வேண்டிய இடம் அதுதான். வெளிர் நிறச் சோபாத் துணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றித் துவைக்கிற உறைக்கு வேண்டாம்.

சிலிக்கன் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. நம் மேசையில் சிந்துவது கறி. எண்ணெய் உள்ளே இறங்கும்போது மஞ்சளையும் கூட்டிக்கொண்டு போகும். போதாததற்கு, சிலிக்கன் பிசுபிசுப்பு காபெட்டில் தூசியையும் பிடித்து வைக்கும். புளோரோ வகை (புளோரின் சேர்ந்த புரொடெக்டர்) தண்ணீர், எண்ணெய் இரண்டையும் தள்ளும், கூடுதல் விலை அதற்குத்தான். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பழைய துணித் துண்டொன்றில் அடித்துக் காயவிட்டு, ஒரு துளி தண்ணீரும் ஒரு துளி நல்லெண்ணெயும் விட்டுப் பாருங்கள். (தேங்காயெண்ணெய் வேண்டாம். நுவரெலியாக் குளிரில் அது கட்டியாகிவிடும், சோதனை பொய் சொல்லும்.) இரண்டு துளியும் முத்தாய் நின்றால் வாங்கலாம்.

விலையைப் போத்தலுக்குப் பார்க்காமல் சதுர அடிக்குப் பாருங்கள். அடிக்கத் தயாரான கலவை லீற்றருக்கு ஏறத்தாழ 100 சதுர அடி காபெட் போகும். ஒரு பேச்சுக்கு, 12,000 ரூபா செறிவுப் போத்தல் ஒரு லீற்றர் என்றும், லேபிளில் 1க்கு 7 பங்கு தண்ணீர் என்றும் வைப்போம். 8 லீற்றர் கலவை, 800 சதுர அடி, அடிக்கு 15 ரூபா. 2,500 ரூபாவின் தயார் ஸ்பிரே ஒரு லீற்றர் அடிக்கு 25 ரூபா ஆகிவிடும். எது மலிவு என்று பாருங்கள். லேபிளுக்கு மேல் தண்ணீர் விட்டு மிச்சம் பிடித்தால் பலன் அங்கேயே போய்விடும்.

வாடிக்கையாளரிடம் "கறையே பிடிக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிந்தியதை ஒற்றியெடுக்கச் சில நிமிடம் கிடைக்கும், மண்ணும் புகைக்கரியும் வாக்யூமுக்கு இலகுவாய் வரும், அவ்வளவுதான். ஆள் நடக்கிற தடத்தில் பூச்சு முதலில் தேயும். அடுத்த முறை கழுவும்போது அந்தத் தடத்துக்கு மட்டும் திரும்ப அடித்து, அதற்கு மட்டும் காசு கேளுங்கள்.

கேள்வி: நல்ல மருந்துதான் அடித்தோம். இரண்டு கிழமையில் காபெட் முன்பைவிட அழுக்காகிவிட்டது. ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: பெரும்பாலும் சோப்பு மிச்சம். காரச் சோப்பு நூலில் நின்றால் பூச்சு ஒட்டாது, சோப்பே மண்ணைப் பிடிக்கும். கழுவிய பின் 10 லீற்றர் தண்ணீருக்கு அரை லீற்றர் வெள்ளை வினாகிரி கலந்து அலசி உறிஞ்சி எடுங்கள். நிறமுள்ள வினாகிரி ஆகாது. ஈர நூலில் pH தாள் (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் தாள்) வைத்தால் 5க்கும் 7க்கும் இடையில் காட்ட வேண்டும். பிறகு காபெட் ஈரமாய் இருக்கும்போதே, குறைந்த அழுத்தத்தில், குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய இரண்டு தடவை அடித்துப் பிரஷ்ஷால் நூலுக்குள் வாருங்கள். நனைய நனைய அடித்தால் நூல் விறைத்து வெள்ளை படியும்.

அடுத்த சந்தேகம் உலர்த்தல். தென்மேற்குப் பருவத்தில், அதுவும் பனி மூட்டத்தில், ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். ஜன்னலைச் சாத்தி விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் போடுங்கள். அவை இல்லாவிட்டால் அன்று அடிக்காதீர்கள். ஏப்ரல் சீசனுக்கு வேண்டிய வேலையைப் பெப்ரவரி, மார்ச்சில் முடியுங்கள். 24 மணித்தியாலம் ஆள் நடக்க விடாதீர்கள்.

கேள்வி: இது உடம்புக்குக் கெடுதியா? வெளிநாட்டு விருந்தினர் கேட்கிறார்கள்.
– வாசகர், பண்டாரவளை

பதில்: நியாயமான கேள்வி. பழைய வகையில் இருந்த பிஃபோஸ் (PFOS) என்ற புளோரோப் பொருளை 2009இல், இலகுவில் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது வருபவை குறுஞ்சங்கிலிப் புளோரோ வகை (மூலக்கூறின் கார்பன் சங்கிலி குட்டையானது), ஆனாலும் சூழலில் இலகுவில் அழியாதவை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இவ்வகை சேர்த்த காபெட்டையும் துணிப் பூச்சையும் 2025 ஜனவரி முதல் விற்கத் தடுத்திருக்கிறது. விருந்தினர் வேண்டாமென்றால் புளோரோ இல்லாதது அடியுங்கள், எண்ணெய்க் கறைக்கு உத்தரவாதம் இல்லை என்று பில்லில் எழுதுங்கள்.

அடிப்பவருக்குத்தான் கூடிய ஆபத்து. நுண்திவலை நுரையீரலைக் கெடுக்கும். ஆவியையும் நுண்திவலையையும் சேர்த்துத் தடுக்கும் வடிகட்டி முகமூடி போட்டு, பெருந்திவலை நொசிலால் அடியுங்கள். கரைப்பான் வகையென்றால் (தண்ணீருக்குப் பதில் எரியும் திரவத்தில் கலந்தது) கணப்பு அடுப்பை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். மிஞ்சிய கலவையை ஓடையிலோ கானிலோ ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே குடிநீராகிறது. வேண்டிய அளவு மட்டும் கலந்தால் மிஞ்சாது.