5200–1943 ஜோடி திரும்பத் திரும்ப எரிந்தால்

கேள்வி: எங்கள் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்ளிஃபையரில் சேனலுக்கு நான்கு ஜோடி 5200, 1943 அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. சப்ளை பிளஸ் 70, மைனஸ் 70 வோல்ட். இதுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கடையில் ஒரிஜினல் என்றுதான் தருகிறார்கள், மல்டிமீட்டரிலும் நன்றாகவே காட்டுகிறது. அரை மணி நேரம் ஓடி, சத்தத்தை ஏற்றியதும் போய்விடுகிறது. டிரான்சிஸ்டர் போலியா, சர்க்யூட்டில் கோளாறா?

பதில்: எப்போது எரிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சுவிட்சைப் போட்ட உடனே எரிந்தால், இவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர், சிக்னல் இல்லாதபோதும் ஓடும் சிறு கரண்ட்டை அமைக்கும் பயாஸ் பகுதி இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது சத்தம் குறைவாக இருக்கும்வரை ஓடி, சுமை ஏறியதும் எரிகிறது. போலி டிரான்சிஸ்டர் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

தோஷிபாவின் அசல் 5200 தாங்குவது 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். அவ்வளவு வெப்பத்தையும் ஏற்க உள்ளே பெரிய சிலிக்கான் சிப் வேண்டும். போலி செய்பவர் அங்கேதான் கை வைக்கிறார். மலிவான சிறிய சிப்பை அதே அளவு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மேலே 5200 என்று அச்சடிக்கிறார். ஸ்பீக்கர் சுமையில் டிரான்சிஸ்டரின் குறுக்கே அதிக வோல்ட்டும் அதிக கரண்ட்டும் ஒரே நேரத்தில் விழும் கணங்கள் உண்டு. சிறிய சிப்பில் அப்போது ஓர் இடம் மட்டும் கொதித்து உருகி, கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட் ஆகிவிடும்.

மல்டிமீட்டர் இதைக் காட்டாது. பேஸ் கரண்ட்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்று பார்க்கும் அதன் கெய்ன் சோதனையில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். அந்தக் கரண்ட்டில் சின்ன சிப்பும் பெரிய சிப்பும் ஒன்றுபோலவே தெரியும். அசலிலும் லேசர் அச்சு, போலியிலும் லேசர் அச்சு என்றாகிவிட்டதால் எழுத்தைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது.

கரண்ட்டை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 12 வோல்ட் கார் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ், 1 ஓம் 50 வாட் ரெசிஸ்டர், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போதும். 5200-ஐ ஹீட்சிங்க்கில் இறுக்குங்கள். எமிட்டர் நேராக பேட்டரி மைனஸுக்கு. கலெக்டர் 1 ஓம் வழியாக, ஃபியூஸைக் கடந்து பிளஸுக்கு. பேஸை 100 ஓம் வழியாக இரண்டு விநாடி மட்டும் பிளஸில் தொட்டு, 1 ஓமின் குறுக்கே வோல்ட்டைப் பாருங்கள். பேஸில் ஓடுவது ஏறக்குறைய 120 மில்லி ஆம்பியர். அசலுக்கு 7 ஆம்பியரிலும் கெய்ன் குறைந்தது 35 இருக்க வேண்டும், வழக்கமாக 60 வரை வரும். ஆகவே மீட்டர் 4 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். பெரும்பாலும் 6, 7 காட்டும். சின்ன சிப்பில் கரண்ட் ஏற ஏற கெய்ன் சரிந்துவிடும். 2 வோல்ட்டிலேயே நின்றால் அந்தச் சரக்கைப் பொருத்தாதீர்கள். 1943 பி.என்.பி., அதாவது 5200-க்கு எதிர்த் துருவ வகை, என்பதால் அதற்கு பேட்டரி முனைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட உறுதியான வழி உடைத்துப் பார்ப்பது. ஆம்ப்ளிஃபையரோடு கம்பெனியிலிருந்தே வந்த, எரிந்துபோன பழைய டிரான்சிஸ்டர் ஒன்று கிடைத்தால் அதையும், கடையில் வாங்கியதில் எரிந்த ஒன்றையும் பெஞ்ச் வைஸில் வைத்து நசுக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம், பிளாஸ்டிக் தெறிக்கும். செம்புத் தகட்டின் மேல் உள்ள சிப் எரிந்திருந்தாலும் அளவு மாறியிருக்காது. புதியதன் சிப் பழையதில் பாதிகூட இல்லையென்றால் கடைக்காரரிடம் காட்ட வேறு சான்று தேவையில்லை.

நல்ல டிரான்சிஸ்டர் கிடைத்த பிறகும் அவசரப்பட வேண்டாம். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் சோதியுங்கள். ஒன்று ஓபன் ஆகியிருந்தாலும் அதன் பங்கு மற்ற மூன்றின் தலையில் விழும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே இருக்கும் பழைய மைக்காத் தகட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஹீட்சிங்க் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள கெய்ன் எழுத்து, ஆர் என்றால் 55 முதல் 110, ஓ என்றால் 80 முதல் 160. ஒரு வரிசையில் நான்குக்கும் ஒரே எழுத்து இருக்கட்டும்.

முதல் முறை சப்ளை கொடுக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் லைனில் சீரிஸாகப் போடுங்கள். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, சிக்னல் இல்லாமல் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தால் 5 மில்லிவோல்ட் அளவில், அதாவது 23 மில்லி ஆம்பியரில் பயாஸ் நிற்க வேண்டும். அவுட்புட்டில் டி.சி. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சரக்கை எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் அசலும் உண்டு, போலியும் உண்டு. பில் தந்து, சோதனையில் தோற்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையில் முதலில் இரண்டு மட்டும் வாங்கிச் சோதியுங்கள். மொத்தமாக வேண்டுமென்றால் எலிமென்ட்14, மவுசர், டிஜி-கீ போன்ற விநியோகஸ்தர்களிடம் ஆர்டர் போடுவதே நல்லது. விலை கூடும்தான். ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 70 வோல்ட் டி.சி. நேராக ஸ்பீக்கர் காயிலில் இறங்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.