அச்சு வந்ததும் எல்லோரும் படித்துவிட்டார்களா?

கேள்வி (கல்லூரி மாணவர்): அச்சைக் கண்டுபிடித்தவர் குட்டன்பர்க்தானே சார்?

பதில்: இல்லை தம்பி. சீனாவில் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் 868-ஐச் சேர்ந்தது. 1040-களில் அங்கேயே பி ஷெங் என்பவர் களிமண்ணில் தனித்தனி எழுத்துகளைச் சுட்டெடுத்தார். கொரியாவில் 1377-லேயே உலோக எழுத்தில் புத்தகம் வந்துவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் பைபிள் அச்சிட்டது 1450-களில்.

கேள்வி: பிறகு ஏன் அவருக்கு மட்டும் இவ்வளவு பேர்?

பதில்: நல்ல கேள்வி. சீன மொழிக்கு ஆயிரக்கணக்கில் எழுத்து வார்க்க வேண்டும்; லத்தீனுக்கு ஒரு பெட்டி போதும். அதோடு, ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் நிலைத்த வார்ப்பு முறையைப் பாருங்கள். எழுத்தை எஃகில் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்குவார்கள். அந்தப் பள்ளத்தைக் கையில் பிடிக்கும் சின்ன வார்ப்புச் சட்டத்தில் பொருத்தி, காரீயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றினால் நொடியில் இறுகிவிடும். ஒல்லியான எழுத்துக்கும் அகலமான எழுத்துக்கும் ஏற்ப வார்ப்பைச் சுருக்கலாம், விரிக்கலாம். உயரம் மட்டும் மாறாது. உயரம் முடியளவு பிசகினாலும் அந்த எழுத்து தாளில் சரியாக விழாது. அழுத்தும் இயந்திரத்தைவிட இந்தச் சின்ன வார்ப்புதான் பெரிய விஷயம் என்பேன்.

கேள்வி (ஆசிரியை): காகிதத்தின் பங்கு?

பதில்: பாதிக்குப் பாதி, அம்மா! பைபிளைத் தோலில் அச்சிட்டால் ஒரு பிரதிக்கே நூற்றுக்கு மேல் கன்றுகள் வேண்டும். கந்தல் துணியில் செய்த காகிதம் அதற்குள் ஐரோப்பாவில் பரவியிருந்தது.

கேள்வி: அப்போ எழுத்தறிவு உடனே கூடியிருக்குமே?

பதில்: இல்லை. முதலில் வந்தவற்றில் பெரும்பகுதி லத்தீன். வாங்கியவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள். மக்கள் பேசும் மொழியில் மலிவான துண்டறிக்கைகள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522-இல் வந்தது. அப்போதும் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். சுவீடனில் 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது. வாசிக்கத் தெரிந்து, எழுதத் தெரியாதவர்கள் அங்கே ஏராளம். கட்டாயமோ பள்ளியோ சேராமல் அச்சு மட்டும் எல்லோரையும் படிக்க வைத்துவிடவில்லை.

கேள்வி: அச்சுப் பிழைகள்?

பதில்: கையால் எழுதுகிறவர் தவறினால் கெடுவது ஒரு பிரதி; அச்சில் தவறினால் எல்லாப் பிரதியும். 1631-இல் லண்டனில் அச்சிட்ட பைபிளில் பத்துக் கட்டளைகளில் ஒரே ஒரு 'நாட்' (not, 'செய்யாதே' என்று மறுக்கும் சொல்) விடுபட்டுப்போய், 'விபசாரம் செய்வாயாக' என்று ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். கிடைத்த பிரதிகளையெல்லாம் தேடிப் பிடித்து அழித்தார்கள். தப்பிய சில இன்றும் நூலகங்களில் இருக்கின்றன.