கூடுதல் விலையா, முன்பணமா?

கடிதம்:

அன்புள்ள ஐயா,

வேலையை விட்டுவிட்டுக் கைவினைப் பொருட்களை இணையத்தில் விற்கும் சிறிய கடை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். பத்தமடையில் உள்ள ஒரு சிறு நெசவுக் கூடத்திலிருந்து கோரைப் பாய் வாங்குகிறேன். மற்ற வியாபாரிகளைவிட இருபது சதவீதம் கூடுதல் விலை தருகிறேன். பாய் விற்ற பிறகு பணம் அனுப்புவதாக ஏற்பாடு. என் கடையை, செய்பவருக்கு உரியதைக் கொடுத்து வாங்கும் நியாய வணிகக் (fair trade) கடை என்று சொல்லிக்கொள்ளலாமா? அதற்கான சான்று முத்திரையை வாங்க வேண்டுமா? “இது வியாபாரமே இல்லை, தர்மம். இரண்டு வருடத்தில் இழுத்து மூடுவாய்” என்கிறார் என் கணவர். விலையில் நெசவாளருக்கு எவ்வளவு போகிறது என்பதைத் தளத்தில் போடுவது சரியா?

வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இருபது சதவீதத்தை முன்னால் வைத்து எழுதியிருக்கிறீர்கள். என் கண் அடுத்த வரியில்தான் நின்றது: பாய் விற்ற பிறகு பணம். உங்கள் கணவர் சொல்வதுபோல இங்கே தர்மம் நடப்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்வது நீங்கள் இல்லை, அந்த நெசவுக் கூடம். வட்டியில்லாக் கடன் கொடுத்து உங்கள் கடையை அவர்கள்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை; உங்கள் எண்களைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். சாதாரண ரகப் பாய் ஒன்றுக்குச் சந்தையில் 400 ரூபாய், நீங்கள் கொடுப்பது 480. நூறு பாய்க்கு 48,000 ரூபாய்; அதில் 8,000 உங்கள் நல்ல மனது. கோரை, நூல், சாயம், தறியில் உட்காருபவர்களின் கூலி என்று கூடத்துக்கு 32,000 ரூபாய் செலவு. இந்தப் பணம் பாய் உங்கள் கைக்கு வருமுன்பே வெளியே போயாக வேண்டும். கூலியை யாரும் நான்கு மாதம் கழித்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கையில் காசில்லாத கூடம் வட்டிக்கு வாங்கும். மாதம் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்து முடிக்க இரண்டு மாதம். அந்தக் காலத்தில் பணம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் வட்டி சுமார் 1,600 ரூபாய். அதற்குப் பின் காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னொரு 1,600. உங்கள் கடையில் பாய்கள் இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்தால் மொத்த வட்டி 4,800. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் வட்டிக்காரருக்குப் போய்விட்டது. விற்க ஆறு மாதம் ஆனால் 11,200. கூடுதல் முழுவதும் போய், அவர்கள் லாபத்திலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகும். புதிய கடையில் நூறு பாய் விற்க ஆறு மாதம் ஆவது அதிசயமும் இல்லை.

கூடத்தில் கடன் வாங்கவில்லை, சொந்தப் பணத்தைத்தான் போட்டார்கள் என்றால்? அப்போதும் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கிறது. கோரை மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் வாங்கி வைக்க அவர்களிடம் காசு இருக்காது. கோரை என்பது நினைத்த நாளில் கடையில் போய் வாங்கி நெய்யும் சரக்கு அல்ல. அறுத்த கோரையைக் காயவைக்க வேண்டும், தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், கிழிக்க வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், மறுபடி காயவைக்க வேண்டும். மெல்லிய ரகத்துக்கு அதை நூல் போலக் கிழித்தாக வேண்டும்; அப்படி ஒரு பாய் தறியில் வாரக்கணக்கில் கிடக்கும். அடைமழையில் எதுவும் காயாது. வெயில் காலத்தில் சரக்குச் சேர்த்து வைத்த கூடம்தான் ஐப்பசியில் தறியை ஓட்ட முடியும். அதற்கு முன்பணம் வேண்டும்.

பத்தமடையில் மணமக்கள் பெயரைப் போட்டு நெய்யும் கல்யாணப் பாய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாயைப் பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேறு யாரிடம் விற்பது? அதே பெயர்ப் பொருத்தத்துடன் இன்னொரு ஜோடி தேடிக்கொண்டு வருமா? ஒரு கடைக்காரர் தன் சின்னம், தன் நிறம், தன் அளவு என்று சொல்லி நெய்யச் சொல்லும் ஒவ்வொரு ஆர்டரும் இந்தக் கல்யாணப் பாய்தான். உங்கள் தளத்தின் படங்களில் மூலையில் சின்னம் போட்ட பாய் ஒன்றைப் பார்த்தேன். அதற்குமா விற்ற பிறகு பணம்?

நியாய வணிகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் விலையையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் காப்பி. 1988இல் நெதர்லாந்தில் முதல் முத்திரை வந்தது மெக்சிகோ விவசாயிகளின் காப்பிக்காக. காப்பிக் கொட்டைக்குக் குறைந்தபட்ச விலை வைக்கலாம். மூட்டைக்கு மூட்டை தரம் பிரித்துப் பேசலாம். பாய்க்கு எப்படி வைப்பது? ஒரே தெருவில் இரண்டு வீட்டில் நெய்த பாயில் ஒன்று இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு உழைப்பு வாங்கியிருக்கும். அதனால் கைவினையில் பொருளைப் பார்ப்பதைவிட வாங்குபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதே வழக்கம். 1989இல் தொடங்கிய உலக நியாய வணிக அமைப்புக்குப் பத்துக் கொள்கைகள் இருக்கின்றன. உங்களுக்கு உடனே வேண்டியது பணம் கொடுக்கும் முறை பற்றியது. கைவினைப் பொருள் என்றால், செய்பவர் கேட்கும்போது ஆர்டர் தொகையில் குறைந்தது பாதியை வட்டியில்லாமல் முன்னதாகக் கொடுக்க வேண்டும். செய்பவர் மேல் தவறு இல்லாமல் ஆர்டரை ரத்து செய்தால் அதுவரை நடந்த வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். வீட்டுத் தறியில் பிள்ளைகளும் தொழில் பழகுகிறார்கள் என்றால் அதை மறைக்கக் கூடாது. படிப்புக் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தப் பத்தில் உண்டு.

முத்திரை இப்போது வேண்டாம். அது உறுப்பினர் கட்டணமும் தணிக்கையும் சேர்ந்த ஏற்பாடு. ஒரே கூடத்தில் வாங்கும் சின்னக் கடைக்குச் சுமை. மேலே சொன்ன முன்பணம், ரத்து செய்தால் ஈடு என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மாதிரிப் பாயை வெட்டி ஒரு துண்டை அவர்களிடம் வையுங்கள், ஒரு துண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் வெளுத்தது, ஓரம் கோணல் என்று நாளைக்கு வரும் தகராறில் பாதி அந்தத் துண்டோடு தீர்ந்துவிடும்.

பணம் எப்போது வருகிறது என்பதை வைத்தே பிறந்த ஒரு பெரிய கடை வங்கதேசத்தில் இருக்கிறது. மாணிக்கஞ்சில் கிராமப் பெண்களைப் பட்டு உற்பத்தியில் இறக்கிவிட்டது பிராக் தொண்டு நிறுவனம். பட்டை வாங்கிய டாக்கா கடைக்காரர்கள் பணம் கொடுக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் இழுத்தார்கள். சரக்கு வந்த கையோடு பணம் கொடுக்க வேண்டும் என்பதற்காக 1978இல் பிராக் தானே ஆரம்பித்த கடைதான் ஆரோங். இன்று அந்த நாட்டின் பெரிய சில்லறை வணிகப் பெயர்களில் ஒன்று அது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கையோடு பணம் கொடுத்ததால் இழுத்து மூடிவிடவில்லை.

நம் ஊரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போட முடியாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அதற்குக் கூடம் உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவைச் செய்திருக்க வேண்டும். பதிவு செய்திருந்தாலும், இருக்கும் ஒரு கடைக்காரர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போவது? ‘விற்ற பிறகு பணம்’ என்றால் இன்னும் கொடுமை, பொருளை நான் வாங்கவே இல்லையே என்று கடைக்காரர் வாதாடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தக் கூடத்தின் முழுச் சரக்கையும் நீங்களே வாங்கிக்கொள்ளாதீர்கள், அன்பினால்கூட. பிரிட்டனின் டிரெய்ட்கிராஃப்ட் 1979இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நியாய வணிகம் செய்த நிறுவனம். 2023 ஜனவரியில் நொடித்துப்போனது. நல்லவர் கடையும் மூடும். உள்ளூர் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டாலும், அவருக்கும் கொஞ்சம் பாய் போய்க்கொண்டிருப்பது கூடத்துக்கு நல்லது. “நீங்கள் யாருக்கெல்லாம் விற்கிறீர்கள்?” என்று அடுத்த முறை அவர்களிடம் கேளுங்கள். “உங்களுக்கு மட்டும்தான் அம்மா” என்று பதில் வந்தால் பெருமைப்படாமல் கவலைப்படுங்கள்.

முன்பணத்துக்குக் காசு எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நூறு பாய்க்குப் பதில் இருபது வாங்குங்கள். பாதியை முன்னால் கொடுங்கள், மீதியைப் பாய் வந்து சேர்ந்த அன்றே அனுப்புங்கள். இருபது சதவீதம் கட்டுப்படியாகவில்லை என்றால் அதைப் பதினைந்தாகக் குறைப்பது பற்றி அவர்களிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், எது லாபம் என்று சொல்வார்கள்.

விலைப் பிரிவினையைத் தளத்தில் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போடலாம், எல்லாவற்றையும் போடுவதானால். நெசவாளருக்கு இத்தனை என்று போட்டுவிட்டு, கூரியர், படம் எடுப்பவர், விளம்பரம், உங்கள் லாபம் ஆகியவற்றை மறைத்தால் அது இன்னொரு விளம்பரம், அவ்வளவுதான். உங்கள் தளத்தில் எதிர் வெளிச்சத்தில் கண் கலங்கி நிற்கும் நெசவாளர் அம்மாவின் படத்தையும் எடுத்துவிடுங்கள். பாய் வாங்க வருபவர் பாயைப் பார்க்கட்டும். நெருக்கத்தில் எடுத்த இழையின் படம் ஒன்றைப் போடுங்கள். இத்தனை வேலை தெரிந்தவரின் பெயரை அவர் சம்மதித்தால் கீழே போடுங்கள், கைபேசி எண்ணோடு போடச் சொன்னால் அப்படியே. வாடிக்கையாளர் நேராக அவரிடமே வாங்கிவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு வரும். சிலர் வாங்கத்தான் வாங்குவார்கள்.